தூங்கற குழந்தையோட ஹார்ட் பீட்: எதைப் பாக்கணும், எதைக் கண்டுக்க வேணாம், உண்மையிலேயே எதை மாத்தணும்

ராத்திரி குழந்தை தூங்கும்போது நெஞ்சுல கை வச்சுப் பாக்காத அம்மா அப்பா யாருமே இருக்க மாட்டாங்க. இப்போ கால்ல மாட்டற மானிட்டர் எல்லாம் வந்துட்டதால நம்பரையும் பாக்கறோம், ஒரு நிமிஷம் 150னு காட்டுது, அடுத்த நிமிஷம் 95னு காட்டுது, நமக்குத் தூக்கம் போயிடுது. திடீர்னு தூக்கத்துலயே குழந்தை இறந்து போறதைப் பத்தி எங்கயோ படிச்சிருப்போம், அந்த பயம் இந்த நம்பர்ல வந்து ஒட்டிக்கும். அதனால ஹார்ட் பீட்டை எப்படிப் பாக்கறது, எப்போ டாக்டர்கிட்ட ஓடணும், அதைவிட முக்கியமா குழந்தையைப் படுக்க வைக்கறதுல என்ன செய்யணும்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதறேன்.

இந்த பயத்துக்கு டாக்டர்கள் வச்ச பேர்தான் சிட்ஸ் (SIDS), முதல்ல அதுன்னா என்னன்னு தெளிவா தெரிஞ்சுக்கணும். ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தை திடீர்னு, பெரும்பாலும் தூக்கத்துல, இறந்து போய், போஸ்ட்மார்ட்டம் பண்ணி, படுத்திருந்த இடத்தைப் பாத்து, குழந்தையோட மெடிக்கல் ஹிஸ்டரி எல்லாம் அலசின அப்புறமும் காரணம் கிடைக்கலைன்னா அதுக்குத்தான் சிட்ஸ்னு பேர். அதாவது இது ஒரே ஒரு வியாதி இல்ல, காரணம் கண்டுபிடிக்க முடியாத பல மரணங்களைச் சேர்த்துப் போட்ட பேரு. 2 மாசத்துல இருந்து 4 மாசம் வரைக்கும்தான் ரொம்ப அதிகம், சுமார் 90 சதவீதம் 6 மாசத்துக்குள்ள நடக்குது. பெண் குழந்தையைவிட ஆண் குழந்தைகள்ல கொஞ்சம் அதிகம், குறைமாசத்துல பிறந்ததுல இன்னும் அதிகம்.

சரி, தூக்கத்துல ஹார்ட் எப்படி அடிக்கும்? பச்சைக் குழந்தைக்குத் தூக்கம் ரெண்டு விதமா இருக்கும். ஒண்ணுல கண்ணு இமைக்குள்ளயே உருளும், உதடு சப்புக்கொட்டும், கை கால் லேசா துள்ளும், மூச்சு வேகமாவும் மெதுவாவும் மாறி மாறி வரும், ஹார்ட் பீட்டும் அதோட சேர்ந்து ஏறி இறங்கும். பிறந்த குழந்தை தூங்கற நேரத்துல கிட்டத்தட்ட பாதி இப்படித்தான் போகும். இன்னொண்ணு அசையாத தூக்கம், மூச்சு ஒரே சீரா இருக்கும், ஹார்ட் பீட் இறங்கி நிலையா நிக்கும். முழிச்சிருக்கும்போது 100ல இருந்து 160க்குள்ள இருக்கற பீட், வீறிட்டு அழுதா 180ஐயும் தாண்டும், ஆழ்ந்து தூங்கும்போது 90 பக்கம் வரும், சில ஆரோக்கியமான குழந்தைக்குக் கொஞ்ச நேரம் 80களுக்குக்கூட இறங்கிட்டு ஏறும். மூச்சை இழுக்கும்போது பீட் கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும், இது கோளாறே இல்ல, மூளைத் தண்டும் (மூளையோட அடிப்பகுதி) ஹார்ட்டும் ஒண்ணோட ஒண்ணு நல்லா பேசிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஏத்த இறக்கமே இல்லாம ஒரே தட்டையா அடிக்கற பீட்டைப் பாத்தாதான் டாக்டர்கள் யோசிப்பாங்க.

மூச்சும் அப்படித்தான். வேகமா நாலஞ்சு மூச்சு விடும், அப்புறம் 5 செகண்ட், 10 செகண்ட் அப்படியே நிக்கும், திரும்ப ஆரம்பிக்கும். முதல் சில மாசத்துல இது சகஜம். 20 செகண்டுக்கு மேல நின்னாலோ, இல்ல அதைவிடக் குறைவா நின்னாலும் கூடவே நிறம் மாறினாலோ, பீட் ரொம்ப இறங்கினாலோ, குழந்தை துவண்டு போனாலோதான் அது வேற விஷயம்.

கையால எண்ணத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, மெஷின் இல்லாதப்பவும் உதவும். குழந்தை அமைதியா இருக்கும்போது ரெண்டு விரலை நெஞ்சோட இடது பக்கம், காம்புக்குப் பக்கத்துல லேசா வைங்க, அழுத்தாதீங்க. இல்லைன்னா மேல்கையோட உள்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல, எலும்பைத் தொடற மாதிரி ரெண்டு விரலை வச்சா துடிப்பு தெரியும். கட்டைவிரலை வைக்க வேணாம், நம்ம துடிப்பே அதுல தெரிஞ்சு குழப்பும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கறது பெரியவங்களுக்கு சரி, குழந்தைக்கு பீட் மாறிக்கிட்டே இருக்கறதால முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. எண்ணும்போது முகத்தையும் பாருங்க, ஏன்னா நம்பரைவிட முகம் நிறைய சொல்லும்.

எப்போ உடனே கிளம்பணும்னா, அழாம அமைதியா இருக்கற குழந்தைக்கு பீட் 220 பக்கம் போய், எண்ணவே முடியாத வேகத்துல, ஏறாம இறங்காம அப்படியே ஓடிக்கிட்டு இருந்தா, கூடவே பால் குடிக்க முடியாம வேர்த்து விறுவிறுத்துப் போனா, வெளிறிப் போனா, மூச்சு வாங்கினா, அது ஹார்ட் ரிதம் பிரச்சனையா இருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அதே மாதிரி தூக்கத்துல 80க்குக் கீழ போய் அங்கயே நின்னு, எழுப்பினாலும் ஏறலைன்னா உடனே காட்டணும். நீலம் பாரிக்கறதைப் பத்தி ஒரு விஷயம், பிறந்த புதுசுல கை பாதம் மட்டும் லேசா நீலமா இருக்கறது சாதாரணம், உதடு, நாக்கு, ஈறு நீலமானாதான் ஆபத்து. கருத்த தோல் இருக்கற குழந்தைக்கு முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கறது கஷ்டம், அதனால உதட்டோட உள்பக்கத்தையும் நாக்கையும் பாருங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். சிட்ஸ்ல ஹார்ட் என்ன பண்ணுது? குழந்தை குப்புறப் படுத்து முகம் மெத்தைல அமுங்கினா, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது, கார்பன் டை ஆக்சைடு ஏறுது, ஆக்சிஜன் இறங்குது. சாதாரணமா மூளைத் தண்டு இதை உடனே கவனிச்சு முதல்ல ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒரு திடுக்கிடல், தலையைத் திருப்பறது, கடைசில முழிச்சு அழறதுன்னு படிப்படியா குழந்தையைக் காப்பாத்திடும். சில குழந்தைகளுக்கு இந்த முழிப்பு வரவே மாட்டேங்குது. ஹன்னா கின்னிங்கற டாக்டரோட குழு, சிட்ஸ்ல இறந்த பல குழந்தைகளோட மூளைத் தண்டுல செரடோனின்ங்கற ரசாயனத்தை வச்சு நரம்புகள் செய்தி கடத்தற அமைப்பு சரியா வேலை செய்யலைன்னு கண்டுபிடிச்சாங்க, மூச்சு, ஹார்ட் பீட், பிபி, முழிப்பு எல்லாத்துக்கும் அந்த இடம்தான் பொறுப்பு. 1994ல ஃபிலியானோவும் கின்னியும் சொன்ன கணக்கு இதுதான்: உள்ளுக்குள்ள பலவீனம் இருக்கற குழந்தை, வளர்ச்சில ஆபத்தான அந்த முதல் சில மாசம், வெளில இருந்து வர ஒரு நெருக்கடி, இந்த மூணும் ஒரே நேரத்துல சேர்ந்தாதான் மரணம். முதல் ரெண்டும் நம்ம கைல இல்ல, யாருக்கு பலவீனம் இருக்குன்னு வெளில இருந்து பாத்தாலும் தெரியாது. மூணாவது மட்டும் நம்ம கைல இருக்கு, அதனாலதான் எல்லா குழந்தையையும் ஒரே மாதிரி பத்திரமா படுக்க வைக்கச் சொல்றாங்க.

குப்புறப் படுத்துத் தூங்கற குழந்தைக்கு பீட் சராசரியா கொஞ்சம் கூடும், அந்த நல்ல ஏத்த இறக்கம் குறையும், உடம்பு சூடாகும், தூக்கத்துல இருந்து எழறது கஷ்டமாகும். பாக்கறதுக்கு "நல்லா அசந்து தூங்குதே"ன்னு நமக்கு சந்தோஷமா இருக்கும், ஆனா அந்த அசந்த தூக்கம்தான் ஆபத்து, எழ வேண்டிய நேரத்துல எழ முடியாத தூக்கம் அது.

"அப்போ மானிட்டர் மாட்டினா பீட் இறங்கும்போதே தெரிஞ்சிடுமே"ன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். இந்த நம்பிக்கை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். 1972ல அமெரிக்காவுல ஸ்டெயின்ஷ்னைடர்ங்கற டாக்டர், தூக்கத்துல மூச்சு நிக்கறதுதான் சிட்ஸுக்குக் காரணம்னு ஒரு கட்டுரை எழுதினார், ஒரே வீட்டுல அடுத்தடுத்து குழந்தைகள் இறந்ததை அதுல ஆதாரமா காட்டியிருந்தார். வீட்டுல மானிட்டர் மாட்டற பழக்கம் அதுல இருந்துதான் பரவுச்சு. பல வருஷம் கழிச்சு அந்தக் குழந்தைகளோட அம்மா வனீட்டா ஹோய்ட்டே அவங்களைக் கொன்னாங்கன்னு தெரிய வந்து, 1995ல கோர்ட் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லிச்சு. அடித்தளமே போயிடுச்சு, ஆனா மானிட்டர் மாட்டற பழக்கம் மட்டும் போகாம நிலைச்சுடுச்சு. அப்புறம் 2001ல சைம்ங்கற பெரிய ஆராய்ச்சி வெளியாச்சு, 1079 குழந்தைகளை வீட்டுலயே மானிட்டர் போட்டுப் பாத்தாங்க, எந்தக் குறையும் இல்லாம நிறைமாசத்துல பிறந்த குழந்தைக்கே மூச்சு நிக்கறதும் பீட் இறங்கறதும் நிறைய நடக்குதுன்னு தெரிஞ்சுச்சு. அதாவது அலாரம் அடிக்கறதுக்கும் சிட்ஸுக்கும் நாம நினைக்கற மாதிரி நேரடித் தொடர்பு இல்ல. மானிட்டர் மாட்டியிருந்தும் இறந்து போன குழந்தைகள் இருக்காங்க, அவங்களோட ரெக்கார்டிங்ல பீட் சரசரன்னு இறங்கினது பதிவாகியிருக்கு, ஆனாலும் காப்பாத்த முடியல.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஏஏபி இன்னைக்கும் சிட்ஸைத் தடுக்க மானிட்டர் வாங்குங்கன்னு சொல்றது இல்ல. கடைல விக்கற ஒரு சாக்ஸ் மானிட்டருக்கு 2021ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கற எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்து, 2023ல வேற வடிவத்துல அனுமதி குடுத்துச்சு, அந்த அனுமதியும் பீட்டையும் ஆக்சிஜனையும் காட்டறதுக்குத்தான், சிட்ஸைத் தடுக்கும்னு இல்ல. குறைமாசக் குழந்தைக்கோ ஹார்ட், நுரையீரல் பிரச்சனை இருக்கற குழந்தைக்கோ டாக்டரே மானிட்டர் எழுதிக் குடுத்தா அது தனி, கட்டாயம் போடுங்க. நீங்களா வாங்கி வச்சிருந்தாலும் தூக்கிப் போட வேணாம், ஆனா மானிட்டர் இருக்குங்கற தைரியத்துல குப்புறப் படுக்க விடறதோ, பக்கத்துல தலையணை வைக்கறதோ மட்டும் வேண்டவே வேணாம். அலாரம் அடிச்சா ஸ்கிரீனைப் பாக்காதீங்க, குழந்தையைப் பாருங்க.

நிஜமா வேலை செஞ்சது எதுன்னா மல்லாக்கப் படுக்க வச்சதுதான். 1992ல ஏஏபி குப்புறப் படுக்க வைக்காதீங்கன்னு சொன்னாங்க, 1994ல பேக் டு ஸ்லீப், அதாவது மல்லாக்கத் தூங்க வைங்கன்னு நாடு முழுக்க பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, அடுத்த சில வருஷத்துலயே சிட்ஸ் மரணம் பாதிக்கும் மேல குறைஞ்சுது. நியூஸிலாந்து, பிரிட்டன், நெதர்லாந்துலயும் இதே கதைதான். மருந்தும் இல்ல, மெஷினும் இல்ல, படுக்கற விதத்தை மாத்தினாங்க, அவ்வளவுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும், கூடவே முன்னாடியே தெரிஞ்சிருந்தா எத்தனை குழந்தைங்க பொழச்சிருக்கும்னு வலிக்கவும் செய்யும்.

அதனால ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகல்ல அரை மணி நேரமா இருந்தாலும், மல்லாக்க. ஒருக்களிச்சும் வேணாம், அதுல இருந்து ஈஸியா குப்புற உருண்டுடும். எதுக்களிச்சா புரை ஏறிடுமேங்கற பயம்தான் எல்லாருக்கும் முதல்ல வரும், பெரியவங்க முதல்ல சொல்றதும் அதுதான். கழுத்துக்குள்ள எப்படி இருக்குன்னு பாத்தா பயம் போயிடும்: மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேல இருக்கும், உணவுக்குழல் அதுக்குக் கீழ இருக்கும், எதுக்களிச்சு வர பால் மேல ஏறி மூச்சுக்குழலுக்குள்ள போகணும்னா எதிர்த்து ஏறணும். குப்புறப் போட்டா இது தலைகீழாகி, பால் நேரா மூச்சுக்குழல் வாசல்லயே வந்து நிக்கும். எதுக்களிப்பு இருக்கற குழந்தைக்கும் மல்லாக்கதான் பத்திரம், தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கவும் வேணாம்.

படுக்கை தட்டையா, கெட்டியா இருக்கணும். உள்ளங்கையால அழுத்தி எடுங்க, பள்ளம் விழுந்து மெதுவா எழும்பினா அது குழந்தைக்கு ஆகாது. ஒரு விரிப்பு இழுத்துப் போட்டா போதும், தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்துல கட்டற மெத்தை எதுவும் வேணாம், எடை வச்சு தைச்ச போர்வையெல்லாம் கிட்டயே கொண்டு வராதீங்க. துணியில சுத்தி வைக்கற பழக்கம் இருந்தா, உருள முயற்சி பண்ண ஆரம்பிச்ச உடனே நிறுத்திடுங்க. வீட்டுக்குள்ள தொப்பி போட வேணாம், குழந்தை தலை வழியாத்தான் நிறைய சூட்டை வெளில விடும். சூடா இருக்கான்னு கை பாதத்தைத் தொட்டுப் பாக்காதீங்க, அது எப்பவும் சில்லுனுதான் இருக்கும், பிடரிலயோ நெஞ்சுலயோ தொடுங்க, வேர்வை இருந்தா ஒரு துணியைக் குறைங்க.

முதல் 6 மாசமாவது உங்க ரூம்லயே, ஆனா தனிப் படுக்கைல தூங்கட்டும். சோஃபாலயோ சாய்வு நாற்காலிலயோ நெஞ்சு மேல போட்டுக்கிட்டு நீங்களும் கண் அசந்துடறது இருக்கே, அதைவிட ஆபத்தான இடமே கிடையாது, ரொம்பத் தூக்கம் வந்தா முதல்லயே குழந்தையை அதோட படுக்கைல விட்டுடுங்க. கார் சீட்ல தூங்கிப் போனா போய்ச் சேர்ந்ததும் எடுத்துத் தட்டையா படுக்க வைங்க, தலை முன்னால தொங்கினா மூச்சுப் பாதை மடங்கிடும். சிகரெட் புகை, கர்ப்பத்துல இருந்தே, கூடவே கூடாது, நிக்கோடின் அந்த முழிப்பு வர அமைப்பையே மழுங்கடிக்குது. தாய்ப்பால் ரெண்டு மாசமாவது குடுத்தா சிட்ஸ் ஆபத்து கிட்டத்தட்ட பாதியா குறையுது. தூங்கும்போது பேசிஃபையர் (சப்பற ரப்பர் காம்பு) குடுக்கறதும் ஆபத்தைக் குறைக்குது, வாயில இருந்து விழுந்துட்டா திரும்ப வைக்க வேண்டியது இல்ல, கயிறு கட்டி கழுத்துல தொங்க விட மட்டும் கூடாது.

ரெண்டு பக்கமும் தானா உருளத் தெரிஞ்ச குழந்தையை நீங்க மல்லாக்கப் படுக்க வைங்க, அதுவா குப்புறப் போனா ராத்திரி முழுக்க திருப்பிக்கிட்டே இருக்கணும்னு இல்ல. ஆனா ஒரு விஷயத்தை யாரும் சரியா சொல்றது இல்ல, எப்பவும் மல்லாக்கப் படுத்துப் பழகின குழந்தையை வேற யாரோ ஒரு நாள் குப்புறப் போட்டா, ஆபத்து வழக்கமா குப்புறப் படுக்கற குழந்தையைவிட ரொம்ப அதிகம், பழகாத நிலைல தலையைத் தூக்கித் திருப்பத் தெரியாது அதுக்கு. அதனால பாட்டியோ, சித்தியோ, டே கேர்ல இருக்கறவங்களோ, யார்கிட்ட விட்டாலும், "பகல் தூக்கத்துக்கும் மல்லாக்கதான் போடணும்"னு வாய்விட்டு சொல்லுங்க, அவங்க தப்பா நினைச்சாலும் பரவால்ல.

இனி நேரா ஹார்ட்ல இருந்தே வர பிரச்சனை. ஹார்ட் ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் கரண்ட்டை மறுபடி சார்ஜ் பண்ணிக்கும், ஈசிஜில அதுக்கு ஆகற நேரத்தை க்யூடின்னு அளக்கறாங்க. அது நீண்டு போனா, தப்பான நேரத்துல வர ஒரு துடிப்பு ஹார்ட்டை உயிருக்கே ஆபத்தான தாறுமாறான துடிப்புக்குள்ள தள்ளிடும். இத்தாலியில பீட்டர் ஷ்வார்ட்ஸ்ங்கற டாக்டர் இதுக்கும் சிட்ஸுக்கும் தொடர்பு இருக்கலாம்னு 1976லயே சொன்னார், யாரும் பெருசா ஏத்துக்கல. அவர் விடல, 34,000க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கு பிறந்த மூணாவது நாலாவது நாள்ல ஈசிஜி எடுத்து வச்சார், 1998ல முடிவை வெளியிட்டார்: சிட்ஸ்ல இறந்த 24 குழந்தைகள்ல 12 பேருக்கு க்யூடி 440 மில்லிசெகண்டுக்கு மேல இருந்துச்சு. நார்வேயில 201 சிட்ஸ் மரணங்களோட ஜீனைப் பாத்து 2007ல வந்த ஆராய்ச்சில சுமார் பத்துல ஒருத்தருக்கு க்யூடியை நீட்டற மாதிரி ஜீன் மாற்றம் இருந்துச்சு. க்யூடி நீளற இந்தப் பரம்பரைக் கோளாறுல மூணாவது வகைன்னு சொல்றாங்களே, எஸ்சிஎன்5ஏ ஜீன்ல வரது, அது பெரும்பாலும் ஓய்வுலயும் தூக்கத்துலயும்தான் தாக்கும், பீட் மெதுவாகும்போதுதான் க்யூடி இன்னும் நீளும்.

எல்லா குழந்தைக்கும் ஈசிஜி எடுக்கணும்னு பெரும்பாலான இடத்துல சொல்றது இல்ல, க்யூடி கொஞ்சம் நீண்டிருக்கற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறது இல்லைங்கறதும் அதுக்கு ஒரு காரணம். ஆனா உங்க ரத்த சொந்தத்துல 40 வயசுக்குள்ள திடீர்னு யாராவது இறந்திருந்தாலோ, நீந்தும்போது காரணமே தெரியாம மூழ்கிப் போயிருந்தாலோ, ஓடும்போதோ அலாரம் சத்தம் கேட்டோ மயங்கி விழுந்திருந்தாலோ, வலிப்புன்னு சொல்லி மருந்து குடுத்தும் சரியாகாம இருந்தாலோ, பிறவியிலயே காது கேக்காதவங்க இருந்தாலோ, ஒரு குழந்தை ஏற்கனவே தூக்கத்துல இறந்திருந்தாலோ, டாக்டர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க, "எங்க வீட்டு ஹிஸ்டரி இது, குழந்தைக்கு ஈசிஜி எடுத்து க்யூடி பாத்துச் சொல்லுங்க"ன்னு. குழந்தை பீட் வேகமா இருக்கறதால மெஷின் தானா போடற கணக்கு தப்பலாம், ஹார்ட் டாக்டர் கையால அளந்து பாத்தாங்களான்னு கேக்கறதுல தப்பே இல்ல. ரெண்டு மாச வாக்குல க்யூடி கொஞ்சம் நீளறதும் அப்புறம் குறையறதும் இயல்பு, அதனால சந்தேகம் இருந்தா திரும்ப எடுப்பாங்க. இருக்குன்னு உறுதியானா பயந்து ஒடுங்க வேண்டியதில்ல, பீட்டா பிளாக்கர் மாதிரி மருந்து இருக்கு, பெரும்பாலும் நல்லா கட்டுப்படும். டொம்பெரிடோன், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், ஒண்டான்செட்ரான் மாதிரி க்யூடியை நீட்டற மருந்துகளைத் தவிர்க்கணும், வாந்திக்கும் சளிக்கும் சாதாரணமா எழுதிக் குடுக்கறதுதான் இதெல்லாம், அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லிடுங்க. ஈசிஜி நார்மலா வந்தாலும் மல்லாக்கப் படுக்க வைக்கறதை விட்டுடாதீங்க.

குழந்தை அசையல, மூச்சு இல்லன்னா என்ன பண்றதுன்னு இப்பவே மனசுல ஓட்டிப் பாத்து வச்சுக்கோங்க. குலுக்காதீங்க. பாதத்தைத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பதில் இல்ல, மூச்சு இல்ல, இல்ல மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து ஏங்குதுன்னா, போனை ஸ்பீக்கர்ல போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கிட்டே, கெட்டியான இடத்துல மல்லாக்கப் போட்டு, ரெண்டு கையாலயும் நெஞ்சைச் சுத்திப் பிடிச்சு ரெண்டு கட்டைவிரலையும் காம்புகளுக்கு நடுவுல கொஞ்சம் கீழ வச்சு, சுமார் 4 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகத்துல 30 தடவை அழுத்தணும். அப்புறம் தலையை நேரா வச்சு, அதோட வாயையும் மூக்கையும் சேர்த்து உங்க வாயால மூடி, நெஞ்சு லேசா எழும்பற அளவுக்கு ரெண்டு சின்ன மூச்சு. உதவி வர வரைக்கும் நிறுத்தாதீங்க. இதைப் படிச்சா மட்டும் கைக்கு வராது, பொம்மை வச்சு சொல்லிக் குடுக்கற வகுப்புல ஒரு தடவையாவது அழுத்திப் பாருங்க, வீட்டுல குழந்தையைப் பாத்துக்கற எல்லாரும் பாக்கணும். ஒரு நிமிஷத்துக்குள்ள தானா சரியாகி குழந்தை சிரிச்சுக்கிட்டு இருந்தாலும், நிறம் மாறினதும் துவண்டதும் உண்மைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஏற்கனவே ஒரு குழந்தையை இழந்தவங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்குத் தனியா சொல்றேன். நீங்க எதையோ கவனிக்காம விட்டதால அது நடந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது, எல்லாத்தையும் சரியா செஞ்ச வீட்டுலயும் நடந்திருக்கு. போஸ்ட்மார்ட்டம் நடந்திருந்தா அப்போ எடுத்த ரத்தமோ திசுவோ பத்திரமா இருக்கான்னு அந்த இடத்துல கேளுங்க, அதுல இருந்து ஹார்ட் ஜீன் டெஸ்ட் பண்ண முடியும். அது இல்லைன்னாலும் நீங்க ரெண்டு பேரும், மத்த பிள்ளைகளும் ஈசிஜி எடுத்து ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டுங்க, அடுத்த குழந்தை வயித்துல இருக்கும்போதே பிரசவம் பாக்கற டாக்டர்கிட்டயும் குழந்தை டாக்டர்கிட்டயும் சொல்லி, பிறந்ததும் ஈசிஜி எடுக்க ஏற்பாடு பண்ணி வச்சுடுங்க.